கருவாயன் பங்கு

எங்க நாய் கருவாயனுக்கு வெறி புடிச்சிடுச்சின்னு ஊரே தடிய தூக்கிக்கிட்டு வந்த கதைய இப்போ சொன்னா எல்லாரும் சிரிக்கறாங்க. அன்னிக்கு ஒருத்தருக்கும் சிரிப்பு வரல.

காவலூருல நட்சத்திரம் பாக்கற பெரிய கண்ணாடிக்காக உருண்டையா ஒரு கட்டடம் கட்டிக்கிட்டு இருந்த வருசம் அது. என் வூட்டுக்காரரு கோபால்சாமிக்கு அங்க விருந்தாளிங்க தங்கற பங்களாவுல வேல. தண்ணி எடுத்து ஊத்தணும், வெறகு ஒடைக்கணும், வெந்நி போடணும். ராத்திரியெல்லாம் முழிச்சி வானத்த பாத்துட்டு பகல்ல தூங்கற ஆளுங்க, அதனால சத்தமே வரக்கூடாது. வூட்டுல அண்டா குண்டாவ உருட்டற மனுசன் அங்க பூனை மாதிரி நடப்பாரு. அந்த மரியாதையில கொஞ்சத்த எனக்கும் காட்டினா இன்னான்னு கேட்டா, "நீ இன்னா நட்சத்திரமா"ன்னு கேப்பாரு.

மாசி மாசம், புளி ஒலுக்கி ஓடு ஒடைக்கற நேரம். ஒரு நாளு சாயங்காலம் துண்டுல எதையோ சுத்திக்கிட்டு பொக்கிஷம் கொண்டாந்தவரு மாதிரி வந்தாரு. தொறந்து பாத்தா வெள்ளிக் காயிதம். அதுக்குள்ள கன்னங்கரேல்னு ஒரு கட்டி, சிலேட்டுல பாதி அளவு, வெரல் மொத்தம். வெளிநாட்டுலருந்து வந்து தங்கியிருந்த ஒரு வெள்ளக்காரரு குடுத்தாராம். அவரு பேரு எங்க வாயில நொழையாது, வெள்ளக்காரருன்னே வெச்சிக்கிட்டோம். சாக்லெட்டுன்னு சொன்னாரு.

எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்குது. வேட்டைக்குப் போனா, கெடச்ச கறிய ஆளுக்கொரு பங்கு போடறப்போ நாய்க்கும் ஒரு பங்கு. வெரட்டனது அதுதானே. அந்தப் பங்குல கை வெச்சா அடுத்த தபா காட்டுல ஒண்ணும் ஆப்புடாதுன்னு பேச்சி. அது கறியோட நிக்கல. வெளியூருலருந்து அபூர்வமா எது வந்தாலும் நாய்க்குப் பங்கு உண்டு. பழனி பஞ்சாமிர்தம் வந்தாலும் உண்டு, திருப்பதி லட்டு வந்தாலும் உண்டு. அதுலயும் கருவாயனுக்கு இல்லன்னு சொல்ல எங்களுக்கு வாய் வராது. செவல நாய், வாய் மட்டும் கருப்பு. அதுக்கு முந்தின வருசம் சாமைக் கொல்லையில காட்டுப்பன்னி ஒண்ணு எங்க வூட்டுக்காரரு மேல பாஞ்சப்போ, அதோட காத புடிச்சித் தொங்கினது அந்த நாய்தான். அது இல்லன்னா நான் அன்னிக்கே தாலிய அறுத்திருப்பேன்.

அதனால கட்டிய அஞ்சா ஒடைச்சாரு. அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, என் நாத்தனா காந்தாவுக்கு ஒண்ணு, தீர்த்தகிரி மாமாவுக்கு ஒண்ணு, கருவாயனுக்கு ஒண்ணு. தீர்த்தகிரி மாமா எங்க மாமனாருக்கு அண்ணன், அடுத்த வூடு. ஊருக்கு ஞாயம் சொல்ற ஊர்க்கவுண்டரும் அவருதான்.

நான் வாயில வெச்சேன். வேப்பங்கொட்டைய வெல்லத்துல போட்டு வறுத்த மாதிரி ஒரு கசப்பு. தூன்னு துப்பிட்டேன். எங்க வூட்டுக்காரருக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சி.

"இன்னாமே இது, ஏரோப்ளேன்ல வந்த சாமான துப்பற?"

"ஏரோப்ளேன்ல வந்தா கசப்பு போயிடுமா?" அப்டின்னு கேட்டுட்டு, என் பங்க எல்லாரும் பாக்கவே கருவாயன் கிட்ட போட்டேன். அது ஏற்கெனவே தன் பங்க முழுங்கிட்டு நாக்க நக்கிக்கிட்டு இருந்திச்சி. என் பங்கும் ஒரே வாயில உள்ள போச்சி.

மத்தவங்க மூணு பேரும் ஆளுக்கொரு ஓரம் கடிச்சி சாமி பிரசாதம் மாதிரி மென்னாங்க. தீர்த்தகிரி மாமா கண்ண மூடிக்கிட்டு, "கசந்தாலும் ஒடம்புக்கு நல்லது போலக்குது"ன்னு சொல்லி, மிச்சத்த அந்த வெள்ளிக் காயிதத்துல சுத்தி எடுத்துக்கிட்டு அவுரு வூட்டுப் பக்கம் போனாரு. காந்தா மாட்டுக் கொட்டாயப் பாக்கப் போனா. எங்க வூட்டுக்காரரு வெளிய பீடி புடிக்கப் போனாரு. மூணு பேரும் திரும்பி வரும்போது கை காலியா இருந்திச்சி. தின்னுட்டாங்கன்னு நெனச்சேன், வேற இன்னா நெனைக்கறது.

விடியக்காலையில கோழி கூவறப்போ அவரு வேலைக்குக் கெளம்பிப் போய்ட்டாரு. நான் வாசல் தெளிக்க வந்தா, கருவாயன் வூட்ட சுத்திச் சுத்தி ஓடிக்கிட்டு இருக்குது. நிக்க மாட்டேங்குது, படுக்க மாட்டேங்குது. நாக்கு வெளிய தொங்குது, வாயில நொர. அங்கங்க வாந்தி எடுத்து வெச்சிருக்குது. நின்ன எடத்துலயே மூத்திரம் போவுது. காலு நாலும் குளுர்ல நடுங்கற மாதிரி நடுங்குது. கூப்ட்டா காதுல வாங்கல. கழுத்த கட்டிப் புடிச்சேன். ஒதறிச்சி பாரு, அதோட பல்லு என் மணிக்கட்டுல கீறி ரத்தம் வந்துடுச்சி. என்னைப் பாத்து அது பல்ல காட்டினதே இல்ல.

காந்தா அதப் பாத்துட்டு போட்ட கூச்சல்ல ஊரு கூடிப் போச்சி. தீர்த்தகிரி மாமா வந்து தூரத்துல நின்னு பாத்தாரு. அவரு மூஞ்சி செத்துப் போச்சி.

"வெறி"ன்னாரு.

"யாராவது வெஷம் வெச்சிருப்பாங்களா மாமா?"

"இன்னாத்த தின்னுச்சி நேத்து?"

"களிதான். அப்பறம் அந்த சாக்லெட்டு."

"சாக்லெட்ட நம்ம எல்லாரும்தான் தின்னோம். எனக்கு இன்னா ஆச்சி, நல்லாத்தான நிக்கறேன். அது இல்ல. இது வெறிதான்"னாரு. காந்தாவும் ஆமான்னு தலைய ஆட்னா.

அடிச்சிடணும்னு முடிவு பண்ணாங்க. அதுக்கு மேல பேச்சே இல்ல, புள்ளகுட்டி இருக்கற ஊரு. என்னை உடனே திருப்பத்தூரு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும், தொப்புள சுத்தி பதினாலு ஊசி போடணும்னு பேசிக்கிட்டாங்க. எனக்கு ஊசி கூட பயமில்ல. எங்கம்மா வூட்டுப் பக்கம், நெல்லிவாசல்ல, நரி கடிச்ச ஒரு ஆள கட்டில்ல கட்டி வெச்சிருந்தத நான் சின்னதுல பாத்திருக்கேன். தண்ணிச் சொம்ப பாத்தாலே அந்த ஆளு கத்தன கத்தல் இன்னும் காதுல இருக்குது.

அந்த ஞாபகம்தான் எனக்கு வாய குடுத்துச்சி. கருவாயன் ஓடற ஓட்டத்துல தொட்டிகிட்ட நின்னு மடக்கு மடக்குன்னு தண்ணி குடிச்சிச்சி. திரும்ப ஓடிச்சி, திரும்ப வந்து குடிச்சிச்சி.

"மாமா, கண்ணு இருந்தா பாருங்க. வெறிநாய் தண்ணி குடிக்குமா?"

"அது முத்தினாத்தான் குடிக்காது. ஆரம்பத்துல குடிக்கும்."

"உங்களுக்கு யாரு சொன்னது, நாய் வந்து சொல்லிச்சா?"

கூட்டத்துல ரெண்டு பேரு சிரிச்சிட்டாங்க. மாமா என்னை மொறச்சாரு. ஆனா ஞாயமான மனுசன். "செரி. கொட்டாயில சங்கிலி போட்டுக் கட்டு. பொழுது சாயற வரைக்கும் விடறேன். அதுக்குள்ள அடங்கலன்னா என்னைக் கேக்கக்கூடாது"ன்னாரு. சாக்க மேல போட்டு, நாலு பேரா சேந்து, கொட்டாய் கம்பத்துல கட்டினோம். கொழந்தைங்கள எல்லாம் வூட்டுக்குள்ள போட்டு கதவ சாத்துனாங்க. மத்த நாய்ங்களையும் கட்டிப் போட்டாங்க. தெருவே செத்த மாதிரி ஆயிடுச்சி.

நான் காட்டு வழியில பங்களாவுக்கு ஓடனேன். எங்க வூட்டுக்காரரு இல்லாம அவரு நாய அடிக்க விடறதா? பின்பக்கம் அவரு வெந்நி போட்டுக்கிட்டு இருந்தாரு. என்னைப் பாத்ததும் வாய் மேல வெரல வெச்சி, "உஷ்"ஷுன்னாரு. வந்துச்சி பாரு எனக்கு கோவம்.

"இங்க உஷ்ஷா? அங்க உன் நாய அடிச்சிக் கொல்லப் போறாங்க. என் கையப் பாரு. நீ இன்னாடான்னா உஷ்ஷுன்ற."

அந்த பங்களா கட்டன நாள்லருந்து அப்டி ஒரு சத்தம் அங்க கேட்டிருக்காது. தூங்கிக்கிட்டு இருந்த வெள்ளக்காரரு கண்ண கசக்கிக்கிட்டு வெளிய வந்துட்டாரு. ஜீப்பு ஓட்டற வடிவேலுவும் ஓடியாந்தான். வடிவேலு சந்தவாசல் பக்கத்து ஆளு, இங்கிலீசு கொஞ்சம் பேசுவான். வெள்ளக்காரரு என்னைப் பாத்து சிரிச்சி இன்னாவோ கேட்டாரு. அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்.

"நேத்து குடுத்த சாக்லெட்டு எப்டி இருந்திச்சின்னு கேக்கறாருக்கா"ன்னான் வடிவேலு.

"ரொம்ப நல்லா இருந்திச்சின்னு சொல்லுப்பா"ன்னாரு எங்க வூட்டுக்காரரு, அவசர அவசரமா.

"நல்லாவா இருந்திச்சி? மனுசன் வாயில வெக்க முடியல, நாய்தான் தின்னுச்சின்னு சொல்லு. இப்போ அந்த நாயும் சாவப் போவுதுன்னு சொல்லு."

"அத அப்டியே சொல்ல முடியாதுக்கா. மரியாதையா இருக்காது."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

எனக்கு இங்கிலீசு எங்க தெரியும். ஆனா நான் சொன்ன வேகத்துல அவனுக்கு பயம் வந்துடுச்சி, சொல்லிட்டான்.

வெள்ளக்காரரு மூஞ்சியில இருந்த சிரிப்பு அப்டியே நின்னு போச்சி. கேள்வி மேல கேள்வி கேட்டாரு. நாயா தின்னுச்சி? நடுங்குதா? வாந்தி எடுத்துச்சா? தண்ணி நெறைய குடிக்குதா? நான் ஒவ்வொண்ணுக்கும் ஆமா ஆமான்னேன். அவரு தலையில கைய வெச்சிக்கிட்டு வடிவேலுகிட்ட நீட்டி நீட்டி பேசினாரு.

"வெறி இல்லக்கா"ன்னான் வடிவேலு. "சாக்லெட்டுதான். அது மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாதாம். நாய்க்கு வெஷமாம். அதுவும் இந்த மாதிரி கருப்பா, கசப்பா இருக்கறது ரொம்ப மோசமாம். நாயோட ஒடம்பு அத சீக்கிரம் வெளிய தள்ளாதாம், நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குமாம். அவுரு ஊட்டுல ரெண்டு நாய் இருக்குதாம், சாக்லெட்ட அலமாரியில மேல் தட்டுலதான் வெப்பாராம்."

"அப்பேர்ப்பட்ட சாமானக் குடுக்கும்போது ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

வடிவேலு சொன்னான். வெள்ளக்காரரு ரெண்டு கையையும் கூப்பினாரு. "மனுசங்களுக்குன்னுதான் குடுத்தேன், நாய்க்கும் பங்கு வெப்பீங்கன்னு எனக்கு எப்டி தெரியும்னு கேக்கறாருக்கா"ன்னான்.

அதுவும் ஞாயம்தான். ஆனா அப்போ எனக்கு ஞாயம் வேணாம், நாய் வேணும்.

ஜீப்பு எங்க ரெண்டு பேரையும் வெள்ளக்காரரையும் ஊருல எறக்கிட்டு, ஆலங்காயத்துலருந்து மாட்டு டாக்டர கூட்டியாற அப்டியே கீழ எறங்கிச்சி. அதுக்கப்பறம் காத்துக்கிட்டு இருந்தோம் பாரு, அத மாதிரி ஒரு கஷ்டம் வேணாம். கருவாயன் சங்கிலிய இழுத்து இழுத்து கழுத்து புண்ணாயிடுச்சி. மேமூச்சி கீமூச்சி வாங்குது. எங்க வூட்டுக்காரரு கொட்டாய் வாசல்ல குந்திக்கிட்டு, "டேய் கருவாயா, டேய்"ன்னு மெதுவா சொல்லிக்கிட்டே இருந்தாரு. வெள்ளக்காரரு பக்கத்துல மண்ணுல சப்பளம் போட்டு ஒக்காந்துட்டாரு. நாய்க்கு சத்தமும் வெளிச்சமும் ஆவாதுன்னு சைகையில சொல்லி, சாக்க எடுத்து கொட்டாய் வாசல்ல தொங்க விட்டாரு.

பொழுது மேக்கால எறங்கிச்சி. தீர்த்தகிரி மாமா தடியோட வந்தாரு, பின்னால நாலு பேரு.

"மாமா, அது வெறி இல்லயாம். சாக்லெட்ட தின்னதுதானாம்."

"இனிப்ப தின்னு நாய் சாவும்னு எந்த ஊருல இருக்குது? இவுரு சொன்னா நீ நம்பிடுவியா? நாளைக்கு ஒரு கொழந்தைய கடிச்சா இவுரு ஏரோப்ளேன் ஏறிப் போயிடுவாரு. நான்தான் இங்க பதில் சொல்லணும்."

அவரு சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். வெறியா இருந்தா அவரு சொல்றதுதான் சரி. எனக்கே சந்தேகம் உள்ளுக்குள்ள கெடந்து பிராண்டுது. மணிக்கட்ட பாத்துப் பாத்து முந்தானையால தொடைக்கறேன். இருந்தாலும் வாசல்ல குறுக்க நின்னேன். "பொழுது சாயற வரைக்கும்னு வார்த்த குடுத்தீங்க. சூரியன் இன்னும் மரத்து மேல இருக்குது. கவுண்டரு வார்த்தைக்கு அவ்ளோதான் மதிப்பா?"ன்னு கேட்டேன். அதுக்கு மேல அவரு எப்டி வருவாரு? அங்கயே நின்னுட்டாரு.

சூரியன் மரத்துக்குப் பின்னால போறதுக்கும் ஜீப்பு சத்தம் கேக்கறதுக்கும் சரியா இருந்திச்சி.

டாக்டரு சின்ன வயசு. வேற ஊருக்கு மாடு பாக்கப் போனவர வடிவேலு தேடிப் புடிச்சி கூட்டியாந்தானாம். மொதல்ல பாத்திரத்துல தண்ணி வெக்கச் சொன்னாரு, கருவாயன் நடுங்கிக்கிட்டே அத்தனையும் குடிச்சிடுச்சி. வாந்திய குச்சியால கெளறிப் பாத்தாரு. கருப்பா, கூடவே வெள்ளிக் காயிதத் துண்டு. எங்க வூட்டுக்காரர நாய் தலைய அமுக்கிப் புடிக்கச் சொல்லிட்டு, நெஞ்சுல கொழாய வெச்சி கேட்டாரு. "இத நான் புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன், கண்ணால இன்னிக்குத்தான் பாக்கறேன். வெறியாத் தெரியல, சாக்லெட்டு வெஷந்தான்"னாரு. அப்பறம் கேட்டாரு: "எவ்ளோ தின்னுச்சி?"

"அது பங்கு ஒண்ணு, என் பங்கு ஒண்ணு"ன்னேன்.

"அவ்ளோதானா? இந்த அளவுக்கு ஆயிருக்குதே. நல்லா யோசிச்சி சொல்லுங்க. மருந்து போடறதுக்கு எனக்கு அளவு தெரியணும்."

எங்க வூட்டுக்காரரு தொண்டைய செருமினாரு. "நானும் போட்டேன் சார். பீடி புடிக்கப் போனேன் இல்ல, அப்போ. எனக்கும் கசந்திச்சி."

"ஏன்யா, நான் துப்பினதுக்கு அந்தப் பேச்சு பேசின?"

காந்தா தலைய குனிஞ்சிக்கிட்டா. "கொட்டாய்க்குப் பின்னால... நானும்தான் அண்ணி. குடுத்தவங்க மனசு நோவக்கூடாதுன்னு."

எல்லாரும் தீர்த்தகிரி மாமாவப் பாத்தோம். அவரு தடிய இந்தக் கையிலருந்து அந்தக் கைக்கு மாத்தினாரு. வெள்ளக்காரர ஒரு தபா பாத்துட்டு, மொகத்த திருப்பிக்கிட்டு, "காயிதத்தோட போட்டேன்"னாரு.

வெள்ளிக் காயிதம் எப்டி வந்துச்சின்னு இப்போ புரியுதா? "ஒடம்புக்கு நல்லது"ன்னு சொன்ன மனுசன். கட்டி மொத்தமும் ஒரு நாய் வவுத்துல. காலையிலயே ஒருத்தராவது வாய தொறந்திருந்தா தடிக்கு வேலையே இருந்திருக்காது. நான் கேக்க வாயெடுத்தேன், டாக்டரு கைய காட்டி என்னை அடக்கிட்டாரு.

நெறைய வாந்தி எடுத்துட்டதாலதான் இது வரைக்கும் தாங்கிச்சின்னு சொல்லி, நடுக்கம் அடங்க ஒரு ஊசி போட்டாரு. அது கொஞ்சம் தளந்ததும், கொண்டாந்திருந்த கரித்தூள தண்ணியில கரைச்சி, கொழாய் வழியா வவுத்துக்குள்ள எறக்கினாரு. மிச்சம் இருக்கற வெஷத்த கரி புடிச்சிக்குமாம். "அடிக்கடி வெளிய கூட்டிட்டுப் போயி மூத்திரம் போவ விடுங்க, உள்ளயே நின்னா வெஷம் திரும்ப ஒடம்புல ஊறும். ராத்திரி தாண்டிச்சின்னா பொழச்சிக்கும்"னாரு.

"என் கை?"ன்னு கேட்டேன்.

"சோப்பு போட்டு நல்லா கழுவும்மா. நாய் பத்து நாளைக்கு தின்னு தூங்கி நல்லா இருந்தா அதுக்கு வெறி இல்லன்னு அர்த்தம், ஊசியே வேணாம். நடுவுல செத்துப் போச்சின்னா மட்டும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்."

அதாவது, அது பொழச்சா நான் பொழச்சேன். அது செத்தா, எதனால செத்துச்சின்னு எனக்கு யாரு சொல்றது? தீர்த்தகிரி மாமாவுக்கும் அது புரிஞ்சிருக்கணும். காலையிலயே அடிச்சிருந்தா நான் காலம் பூரா பயந்துக்கிட்டே கெடந்திருப்பேன். அவரு தடிய கொட்டாய்க் கூரையில செருகிட்டு, வூட்டுக்குப் போனாரு.

அன்னிக்கு ராத்திரி நானும் எங்க வூட்டுக்காரரும் மாத்தி மாத்தி அத வெளிய நடத்திக்கிட்டுப் போனோம். வெள்ளக்காரரும் போவல. வானம் நல்லாத்தான் இருந்திச்சி, அவரு அத நிமிந்து கூட பாக்கல.

விடியறப்போ எனக்கு கண்ணு அசந்து போயிருக்குது. ஏதோ சத்தம் கேட்டு எழுந்தா கொட்டாயில நாய் இல்ல, அறுந்த கயிறுதான் கெடக்குது. கழுத்துப் புண்ணுக்காக சங்கிலிய அவுத்துட்டு கயித்தால கட்டியிருந்தோம். வூட்டுக்குள்ள ஓடனேன். அடுப்பங்கரையில அது நிக்குது. காலு இன்னும் தள்ளாடுது. ஆனா தலைய கூழுப் பானைக்குள்ள கழுத்து வரைக்கும் வுட்டுக்கிட்டு சளப்பு சளப்புன்னு குடிக்குது. எல்லாருக்கும் காலையிக்குன்னு கரைச்சி வெச்ச கூழு.

"அடப் பொறம்போக்கு நாயே, உன்னைக் கட்டையில வெக்க. ஊரு சனத்த எல்லாம் உயிர வாங்கிட்டு இங்க வந்து பானைய உருட்டறியா? வெஷத்த தின்னியே, பத்தலயா? வவுறா அது, வண்ணான் சாலா? எடு வாய, எடுன்றேன்!"

எனக்கு மூச்சு முட்டற வரைக்கும் திட்டினேன். கருவாயன் மூஞ்சி பூரா கூழோட என்னைப் பாத்து வால ஆட்டிச்சி. வெளிய ஒரு கதவு தொறக்கற சத்தம். அப்பறம் எதிர் வூட்டுக் கதவு. அப்பறம் இன்னொண்ணு. நேத்தெல்லாம் அடைஞ்சி கெடந்த கொழந்தைங்க தெருவுல ஓடற சத்தம் கேட்டுச்சி.

வாசல்லருந்து தீர்த்தகிரி மாமா கொரல் குடுத்தாரு. "இன்னாம்மா, நாய் பொழச்சிக்கிச்சா?"

"திட்டறது காதுல வுழல? செத்ததயா மாமா இப்டி திட்டுவாங்க?"

அப்டி சொன்னதுதான் தெரியும். அடுப்பங்கரையிலயே குந்திக்கிட்டு, கூழு ஒழுவற அந்த மூஞ்சிய மடியில வெச்சிக்கிட்டு, ஓன்னு அழுதேன்.